அரியலூரில் சாயாத முள்

1. மேஜைக்கு முட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பள்ளிக்கூடத்துக் காந்தங்களுக்கு நான் உலை வைத்தேன். தெரிந்து செய்யவில்லை. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கி, அப்படி ஆகிவிட்டது.

நாற்பதுகளின் முற்பாதி, உலகச் சண்டைக் காலம். அரியலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் லேபுக்கு அட்டெண்டராகப் போனேன். பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு முன்பு ரைஸ் மில்லில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது லேப் அசிஸ்டென்ட் என்று கௌரவமாகப் பேர் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சிரித்த பிறகு கொஞ்சம் யோசித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

லேப் என்றால் ஒரு அறை, மூன்று அலமாரி, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் வண்டிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி வந்து எல்லாவற்றின் மேலும் படியும். அலமாரியின் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டியில் பார் மேக்னட்கள் எட்டு இருந்தன. ஒரு முனையில் சிவப்பு, மறு முனையில் வெள்ளை. இரண்டிரண்டாகப் படுத்திருந்தன. ஆனால் ஒன்றின் சிவப்புப் பக்கம் அடுத்ததன் வெள்ளை. தலையும் காலும் மாறிப் படுத்த மாதிரி. அது போதாதென்று முனைகளில் குறுக்காக இரும்புத் துண்டுகள் வேறு ஒட்டிக்கொண்டிருந்தன.

யாரோ ஒழுங்கில்லாத ஆசாமி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். இரும்புத் துண்டுகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, எட்டுக் காந்தங்களையும் சிவப்பெல்லாம் ஒரே பக்கம் வருகிற மாதிரி வரிசையாக அடுக்கினேன். அடுக்கும்போது ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு துள்ளின. கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. மூலையில் குதிரை லாடம் மாதிரி ஒரு பெரிய காந்தம் இருந்தது. அதன் வாயில் ஒட்டியிருந்த இரும்பை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை. அதனால் அது தப்பித்தது.

பிடுங்கிய இரும்புத் துண்டுகளை என்ன செய்வது? அன்றைக்கே ஒரு வழி கிடைத்தது. ஹெட்மாஸ்டர் மேஜை ஒரு கால் குட்டையாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போடுகிறபோதெல்லாம் மைக்கூடு தளும்பும். எட்டுத் துண்டுகளையும் நாலு நாலாக அடுக்கி அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தேன். மேஜை அப்படியே நின்றுவிட்டது.

"பரவால்லையேய்யா! வந்த அன்னிக்கே மூளையைக் காட்டிட்ட," என்றார் ஹெட்மாஸ்டர். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது வருஷத்துக்கு ஒருமுறை என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று மாதம் கழித்து சயின்ஸ் மாஸ்டர் நடராஜன் காந்தப் பாடம் எடுக்கப் பெட்டியைக் கேட்டார். கயிற்றை அவிழ்த்து, ஒரு காந்தத்தை எடுத்து ஆணிக் குவியலில் வைத்துத் தூக்கினார். இரண்டு ஆணி வந்தது. அதிலும் ஒன்று பாதி வழியில் விழுந்தது. வகுப்பே சிரித்தது. வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சவரி, இதுல கீப்பர் இருந்துச்சே, எங்க?"

"கீப்பர்னா என்னங்க சார்?"

"முனையில குறுக்க ஒட்டி வெச்சிருப்பாங்க. இரும்புத் துண்டு."

மேஜைக்கு முட்டுக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. ஒரே ஜாதி முனைகளைப் பக்கம் பக்கமாகக் கட்டிப்போட்டால் ஒன்றின் காந்தத்தை ஒன்று தின்றுவிடும். மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, முனைகளைத் தேனிரும்புத் துண்டால் இணைத்துவிட்டால் காந்தம் வெளியே அலையாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டு நிலைத்திருக்கும். நான் ஒழுங்கீனம் என்று நினைத்ததுதான் ஒழுங்கு.

நடராஜன் சார் என்னை ஹெட்மாஸ்டரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அவரும் என்னைப்போல் வேலைக்குப் புதிது. பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. தப்பித்த அந்த லாடக் காந்தத்தை வைத்து ஒவ்வொரு பார் மேக்னட்டையும் அவர் தேய்க்கத் தேய்க்க, நான் எண்ணிக்கொண்டே நின்றேன். இரண்டு நாளில் எட்டுக்கும் உயிர் வந்தது. கீப்பர்களை மீட்பதுதான் பெரும்பாடு. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் இருக்கும்போதே மேஜைக்கடியில் ஊர்ந்து போய், எலி வளை பார்க்கிறேன் என்று சொல்லி, இரும்பை எடுத்துவிட்டு உடைந்த சிலேட்டுத் துண்டைச் செருகினேன். சிலேட்டு ஒரு வாரத்தில் நொறுங்கியது.

"முன்ன நல்லாத்தானேய்யா இருந்துச்சு? இப்ப ஏன் மறுபடி ஆடுது?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். தரை இறங்கியிருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

2. சட்டைப் பொத்தான்

ஒரு மத்தியானம் என் காக்கிச் சட்டையின் பொத்தான் அறுந்துவிட்டது. ஆளில்லாத லேபில் உட்கார்ந்து தைத்தேன். பக்கத்தில் ஒரு பார் மேக்னட் கிடந்தது. ஊசி போய் அதில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தால் ஊசிக்கே காந்தம் ஏறியிருந்தது. சும்மா இருக்காமல் ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, அந்தக் காந்தத்துக்கு மேலே தொங்கவிட்டுப் பார்த்தேன்.

காந்தத்தின் முனைக்கு மேலே கொண்டுபோனால் ஊசி செங்குத்தாக நிற்கிறது. கொஞ்சம் உள்ளே நகர்த்தினால் சாய்கிறது. நட்டநடுவுக்கு வந்தால் ஒரு சாய்வும் இல்லாமல் காந்தத்தோடு ஒட்டினாற்போல் படுத்துவிடுகிறது. அந்தப் பக்கம் போனால் தலைகீழாகி மறுபடி சாய்கிறது. முனையில் அத்தனை வீராப்பு காட்டுகிற ஊசி நடு வயிற்றுக்கு வந்தால் சாதுவாகப் படுத்துவிடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதிலிருந்து பொழுது போகாத நேரத்தில் எல்லாம் அதுதான் விளையாட்டு. ஊசி நூலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததும் இல்லை, யாரிடமும் கேட்டதும் இல்லை.

3. படுத்த முள்

அந்த வருஷம் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் ஒரு டிப் நீடில் வந்தது. செங்குத்தான பித்தளை வட்டம், அதில் டிகிரி கோடுகள், நடுவில் மெல்லிய அச்சில் மேலும் கீழும் ஆடுகிற காந்த முள். முள்ளின் வடக்கு முனையில் சிவப்பு. வட்டத்தை வடக்குத் தெற்காக நிறுத்தினால் முள் பூமிக்குள் எவ்வளவு சாய்கிறது என்று காட்டும். ஸ்டேஷனிலிருந்து பெட்டியை நான்தான் தலையில் வைத்துக் கொண்டுவந்தேன். ஜில்லா இன்ஸ்பெக்டர் பங்குனி மாதம் வருகிறார், லேபுக்கு அங்கீகாரம் கொடுக்கப் போகிறார் என்பதற்காக ஹெட்மாஸ்டர் ஆசையாக வரவழைத்தது அது.

அங்கீகாரம் கிடைத்தால்தான் லேபுக்கு நிரந்தர அட்டெண்டர் உண்டு. என் கல்யாணம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏலாக்குறிச்சியில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண் பேர் ஆரோக்கியமேரி. அவள் அப்பா அருளப்பர் விவசாயம் பார்க்கிற சம்சாரி, வார்த்தையில் கறாரான மனுஷன்.

"மாப்ளை, ஈஸ்டர் முடிஞ்சதும் கோயில்ல ஓலை வாசிச்சுடலாம். ஆனா பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணுல காட்டணும். அது இல்லாம சாமியார்கிட்ட நான் பேர் குடுக்க மாட்டேன், ஆமா!"

ஓலை வாசிப்பது என்றால், எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் ஊரறியச் சொல்வது. ஆரோக்கியமேரியை நான் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டாவது தடவை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அது போதும். அந்தப் பெண்ணை விடக்கூடாது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து வட்டத்தை நிறுத்தினோம். முள் ஆடியது. ஆடி நின்றது. கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் சிவப்பு முனை துளி கீழே இருந்தது, அவ்வளவுதான்.

ஹெட்மாஸ்டர் பாடப் புத்தகத்தை விரித்தார். படத்தில் முள் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்து நின்றது. பக்கத்தில் அறுபத்தேழு டிகிரி என்று அச்சடித்திருந்தது.

"அறுபத்தேழு எங்க, இது எங்க? பொட்டியை யாரு தூக்கியாந்தது?"

"நான்தாங்க ஐயா."

"கீழ போட்டியா?"

"ஐயோ, இல்லைங்க! மாதா சத்தியமா!"

"போடாம எப்படிய்யா படுத்துக்கும்? நீ எதைத் தொட்டாலும் இப்படித்தான்."

கீப்பர் விஷயம் அவருக்குத் தெரியாது. இருந்தும் அப்படிச் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

"இன்ஸ்பெக்டர் வரதுக்குள்ள முள்ளு சாயணும். சாயலைன்னா பர்மனென்டுக்கு உன் பேரை நான் எழுத மாட்டேன். மறுபடி பெல்ட் மாட்டப் போ!" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடராஜன் சார் முள்ளைக் கழற்றி அச்சைத் துடைத்தார். காந்தம் குறைந்திருக்கும் என்று தேய்த்து ஏற்றினார். கிட்டத்தில் இரும்பு இருக்கிறதா என்று ஜன்னல் கம்பியிலிருந்து விலக்கி, மைதானத்தின் நடுவிலும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். முள் மைதானத்திலும் படுத்தது. அவர் கெமிஸ்ட்ரி படித்தவர். பௌதிகம் அவருக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. சொந்தம் உண்டு, நெருக்கம் இல்லை.

"புத்தகம் எழுதினவன் பொய்யா எழுதுவான், சவரி?" என்று என்னையே கேட்டார். எட்டாம் வகுப்புக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது?

4. பெரம்பலூர் வைத்தியம்

இன்ஸ்பெக்டர் வருவதற்கு மூன்று நாள் முன்பு ஹெட்மாஸ்டர் ஒரு கடிதம் கொடுத்து என்னைப் பெரம்பலூருக்கு அனுப்பினார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிப் நீடில் இருக்கிறது, நன்றாகச் சாய்கிறது என்று கேள்வி. ஒருநாள் இரவல் கேட்டு வாங்கி வரவேண்டும்.

காலை பஸ். பெட்ரோல் இல்லாத காலமாதலால் பின்னால் அடுப்பு வைத்துக் கரி எரித்து ஓடுகிற பஸ். மேலே வெங்காய மூட்டை, உள்ளே பருத்தி மூட்டை, நடுவில் நாங்கள். குன்னத்துப் பக்கம் ஏற்றத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் கோவிந்தன் எங்கள் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னான். பாதி தூரம் பஸ் எங்களைச் சுமந்தது, மீதி தூரம் நாங்கள் அதைச் சுமந்தோம்.

பெரம்பலூர் பள்ளியில் லேப் அட்டெண்டர் ரஹீம் பாய். நாற்பது வயதிருக்கும். மருதாணி போட்ட தாடி, வாய் நிறைய வெற்றிலை. கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது.

"உங்க முள்ளும் படுத்துக்கிச்சா? மாஷா அல்லா! எங்கள்து வந்தப்பவும் இதே கதைதான் தம்பி. எங்க வாத்தியாரு என்னைத்தான் திட்டினாரு. நாலு நாள் எனக்கு சோறு இறங்கலை."

"அப்புறம் எப்படிங்க பாய் சாஞ்சுது?"

அவர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து அவர்கள் முள்ளை எடுத்துக் காட்டினார். அறுபத்தேழு டிகிரி. அச்சு அசல் புத்தகப் படம். பிறகு முள்ளின் சிவப்பு முனையை நகத்தால் தொட்டுக் காட்டினார். சிவப்பு வண்ணத்தின் மேலே, பார்த்தால் தெரியாதபடி, ஒரு கடுகளவு அரக்கு.

"ஆபீஸ்ல தபாலுக்கு சீல் வைக்கிற மெழுகு. அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு. எந்த அதிகாரி கண்டுபிடிப்பான்?"

"பாய்! இது ஏமாத்து வேலை இல்லையா?"

"யாரைத் தம்பி ஏமாத்துறோம்? வர்ற அதிகாரிக்குப் புத்தகத்துல இருக்கிறது வேணும். நாம குடுக்கறோம். அவரும் சந்தோஷமாப் போறாரு, நம்ம வூட்லயும் அடுப்பு எரியுது." அவர் என் முகத்தைப் பார்த்தார். "இரவல் எல்லாம் எதுக்கு? எங்களுக்கும் அதே வாரம் இன்ஸ்பெக்ஷன். இந்தா, இதைக் கொண்டுபோ."

பாதிக் குச்சி அரக்கு. கொடுத்ததோடு விடாமல், மெழுகுவத்தியில் காட்டி ஊசி முனையால் தொட்டு எப்படி வைப்பது, கூடிப்போனால் எப்படிச் சுரண்டுவது என்று கைப்பழக்கமும் சொல்லிக்கொடுத்தார். தங்கப் பத்தர் தோற்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மனசு அரித்தது. நடராஜன் சாரிடம் சொல்லலாமா? சொன்னால் அவர் சம்மதிக்க மாட்டார். சொல்லாவிட்டால் ஆரோக்கியமேரி எனக்கு. நான் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளைகள் சாப்பிடப் போன வேளையில் வேலையை முடித்தேன். மூன்று தடவை வைத்து, சுரண்டி, நாலாவது தடவை முள் அறுபத்தேழில் வந்து நின்றது. "பெரம்பலூர்ல கேட்டுட்டு வந்தேன் சார், அச்சுல தூசியாம்," என்று புளுகினேன். நடராஜன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளில் தட்டினார். எனக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார். "இப்ப எப்படிய்யா சாயுது?" என்று தனக்குத்தானே கேட்டுவிட்டுப் போனார். அது வருஷத்தின் இரண்டாவது நல்ல வார்த்தை.

5. காந்தத்தைத் திருப்புங்க

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கதர்க் கோட்டு, குரல் ஏறாத பேச்சு. அதட்டுகிறவரைவிட இப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். லேபில் ஐந்தாம் பாரம், இப்போதைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நடராஜன் சார் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பார் மேக்னட் ஆணிகளைக் கொத்தாகத் தூக்கியது. இன்ஸ்பெக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "கீப்பர் எல்லாம் சரியா வெச்சிருக்கீங்களே," என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசியாக டிப் நீடில். நடராஜன் சார் வட்டத்தை வடக்குத் தெற்காக நிறுத்தினார். முள் ஆடி அறுபத்தேழில் நின்றது. ஹெட்மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "முள்ளைக் கழட்டி, காந்தத்தைத் திருப்பி ஏத்தி, இன்னொரு தடவை பார்த்தீங்களா?"

"இல்லை சார்," என்றார் நடராஜன் சார்.

"அது வழக்கம். முள்ளோட எடை நடுவுல இல்லாம ஒரு பக்கமாப் போயிருந்தா அதுல தெரிஞ்சுடும். குடுங்க, நானே பண்றேன்."

இன்ஸ்பெக்டர் முள்ளை மேஜைமேல் படுக்கவைத்தார். பார் மேக்னட்டின் வடக்கு முனையால் முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு நுனி வரைக்கும், தெற்கு முனையால் மறு நுனி வரைக்கும், நிதானமாகத் தேய்த்தார். பிள்ளைகளிடம் திரும்பினார்.

"இப்ப சிவப்பு முனை தெற்கு ஆயிடுச்சு. மாட்டினா எந்த முனை கீழ போகணும்?"

"மறு முனை சார்!" என்று ஒரு பெஞ்சே கத்தியது.

முள்ளை மாட்டினார். அது ஒரு வட்டம் அடித்தது. சிவப்பு முனை சமர்த்தாகத் தெற்குப் பக்கம் திரும்பியது. திரும்பி, பழையபடி கீழே குனிந்து நின்றது. காந்தம் மாறியும் சிவப்புதான் கீழே.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தான். இன்ஸ்பெக்டர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துச் சிவப்பு முனையைப் பார்த்தார். பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டினார். அரக்குத் துணுக்கு வெள்ளைத் தாளில் விழுந்தது.

"மிஸ்டர் நடராஜன், இது உங்க வேலையா?"

நடராஜன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டரோ அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆள் கிடைத்துவிட்டான், தான் தப்பித்தோம் என்கிற முகம். அந்த மனுஷன் பயிற்சிக் காலத்தில் இருக்கிறார், இதோடு அவர் கதை முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. கீப்பர் விஷயத்தில் என்னைக் காப்பாற்றிய மனுஷன். ஆரோக்கியமேரி சிரித்த சிரிப்பு ஒரு கணம் கண்முன் வந்தது. போகட்டும் என்று நினைத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஐயா, அது நான் பண்ணினதுங்க. சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"நீங்க யாரு?"

"அட்டெண்டருங்க. சவரிமுத்து."

"எதுக்குப் பண்ணினீங்க?"

"புத்தகத்துல சாஞ்சிருக்குங்க ஐயா. எங்க ஊர்ல படுத்துக்கிச்சு. புத்தகம் தப்பாச் சொல்லும்னு நினைக்க எனக்கு என்னங்க தகுதி? முள்ளுதான் தப்புன்னு நெனச்சேன்."

"யாரு கத்துக்குடுத்தா? இது பழகின கை மாதிரி இருக்கே."

"நானேதாங்க." அந்தப் பொய்க்கு மட்டும் நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் முள்ளுக்கு மறுபடி நேராகக் காந்தம் ஏற்றி மாட்டினார். அரக்கு போன முள் ஆடி, நின்று, படுத்தது. சிவப்பு முனை துளி கீழே.

"பாருங்க. இதுதான் அரியலூர்," என்றார். "புத்தகத்துல இருக்கிற அறுபத்தேழு லண்டன் கணக்கு. இங்க இந்த முள்ளு அவ்வளவு சாஞ்சா நாம எல்லாரும் கம்பளி போத்திக்கிட்டு உக்காந்திருக்கணும். முள்ளு சரியாத்தான் சொல்லுது. அது ஏன் இங்க படுக்குது, யாராவது சொல்லுங்க?"

பிள்ளைகள் மேலே பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் கீழே பார்த்தார். நடராஜன் சார் தாளில் கிடந்த அரக்கைப் பார்த்தார். படுக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் எனக்குச் சுரீரென்று உறைத்தது. வேலை போகப்போகிறவனுக்கு என்ன பயம்? சட்டைப் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தேன்.

"ஐயா, ஒண்ணு காட்டலாங்களா?"

பார் மேக்னட்டை மேஜையில் வைத்து, அதன் சிவப்பு முனைக்கு மேலே ஊசியைத் தொங்கவிட்டேன். செங்குத்தாக நின்றது. மெல்ல நகர்த்தினேன். சாய்வு குறைந்தது. நடுவுக்கு வந்ததும் படுத்தது.

"பூமியும் இப்படி ஒரு காந்தம்னு சார் பாடத்துல சொன்னாருங்க. லண்டன் இந்தக் கோடிப் பக்கம் இருக்கும்போல. அதான் அங்க முள்ளு குனியுது. நம்ம அரியலூரு இங்க, வயித்துக்கிட்ட இருக்குது. அதான் படுத்துக்குது. இத்தனை நாளா இதை வெச்சு வெளையாடிக்கிட்டே இருந்தேங்க. இப்பதாங்க வெளங்குது."

இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்து நூலை வாங்கினார். தானே ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை நகர்த்திப் பார்த்தார். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக வரச்சொல்லி ஒவ்வொருவரையும் செய்யவைத்தார். பள்ளி மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை.

6. இரண்டு தாள்

அன்று மாலை ஆபீஸ் அறையில் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தாள் எழுதினார். முதல் தாள் மெமோ: அரசாங்கக் கருவியில் அரக்கு ஒட்டி மோசடி செய்ததற்காகக் கடும் எச்சரிக்கை. இரண்டாவது தாள் சிபாரிசு: லேபுக்கு அங்கீகாரம் கொடுக்கலாம், இதே ஆளை அட்டெண்டராக நிரந்தரம் செய்யலாம்.

"முதல் தாளைத் தினமும் படிங்க. ரெண்டாவதை வூட்ல காட்டுங்க," என்றார். அந்தக் குரல் அப்போதும் ஏறவில்லை. நான் அவர் காலில் விழப்போனேன். தடுத்துவிட்டார்.

அவர் கையெழுத்துப் போடும்போது மேஜை ஆடி மைக்கூடு தளும்பியது. ஹெட்மாஸ்டர் என்னை முறைத்தார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கீப்பர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"நாளைக்குக் காலையில பெரம்பலூர். அங்கேயும் ஒரு டிப் நீடில் இருக்காம், ரொம்ப நல்லா சாயுதாம்," என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் கோட்டை மாட்டினார். என்னைத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

ஓட்டமாக ஓடினேன். மாலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி கண்டக்டர் கோவிந்தன் கையில் திணித்தேன்: "பாய், அரக்கை உடனே சுரண்டிவிடவும். படுத்திருப்பதுதான் சரி."

"யாருங்க படுத்திருக்கிறது? ஒடம்பு சரியில்லையா?" என்று கோவிந்தன் பதறினான். முள்ளுடா, முள்ளு என்று கத்தினேன். பஸ் கரிப்புகை கக்கிக்கொண்டு போய்விட்டது. ஏற்றத்தில் நிற்காமல் போகவேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

ஈஸ்டர் கழிந்த முதல் ஞாயிறு ஏலாக்குறிச்சிக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். அருளப்பர், அதற்குள் வந்துவிட்ட ஆர்டரை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் பேர் கொடுத்தார். மெமோவை நான் காட்டவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, பெட்டியில் அதை எடுத்துப் படித்த ஆரோக்கியமேரி, "மோசக்காரனையா எங்கப்பா எனக்குக் கட்டிவெச்சாரு!" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு ரஹீம் பாய் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்த பாராட்டுக் கடிதம்.

"சீட்டைப் பார்த்ததும் சுரண்டிட்டேன் தம்பி. காலையில முள்ளு படுத்திருக்கிறதைப் பார்த்துட்டு எங்க வாத்தியாரு மயக்கம் போடாத குறை. அந்த மனுஷன் வந்தாரு, பார்த்தாரு. இந்த ஜில்லாவுலயே யாரும் கை வைக்காத முள்ளு இது ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு!"

மோசடிக்கு வாத்தியார் அவர், மெமோ எனக்கு. கோபம் வந்த மாதிரி இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த லேபில் இருந்தேன். படிக்க வந்த பிள்ளைகளிடமும், எனக்குப் பின் வந்த அட்டெண்டர்களிடமும் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். கருவி ஒன்று சொல்லி, புத்தகம் வேறு சொன்னால், முதலில் நீ எந்த ஊரில் நிற்கிறாய் என்று பார். அதன் பிறகு அரக்கைத் தேடு.

பாய் கொடுத்த பாதிக் குச்சியில் மிச்சம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தபால் உறையைத் தவிர வேறு எதிலும் அதை நான் வைத்ததில்லை.